செப்ரெம்பரில் நிலாவெளி: சிங்க இறாலை விடுங்கள், பாரைக்குப் போங்கள்

வணக்கம் சகோதரம். செப்ரெம்பரில் கனடாவிலிருந்து திருகோணமலை நிலாவெளிக்கு வந்து மச்சானின் வள்ளத்தில் போகும்போது சிங்க இறால் பிடிக்கலாமா, புறாத்தீவடியில் தூண்டில் போடலாமா, பாரை மீன் எத்தனை கொண்டுவரலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

சிங்க இறால் வேண்டாம். பெப்ரவரி, செப்ரெம்பர், ஒக்ரோபர் மூன்றும் அதற்குத் தடை மாதங்கள். மற்ற மாதங்களிலும் வயிற்றில் முட்டை ஒட்டியிருக்கும் பெண் இறாலை எடுக்கவே கூடாது. கரையில் யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள், வாங்க ஆள் இருப்பதால்தான் பிடிக்கிறார்கள்.

புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. அதன் எல்லைக்குள் தூண்டிலை வெளியே எடுக்கவே வேண்டாம். எல்லை எதுவரை என்று நிலாவெளியில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வள்ளத்தை இறக்குங்கள்.

பாரைக்கு என் கணக்கு இதுதான்: அன்றிரவு வீட்டுக் கறிக்குப் போதுமானது மட்டும், அதுவும் நடுத்தர அளவில். பெரிய பாரையை விட்டுவிடுங்கள். பெரிய பெண் மீன் சின்னதைவிடப் பல மடங்கு முட்டையிடும். கலவாய் மீனில் இது இன்னும் முக்கியம். அது பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும் மீன். பெரியவற்றையே தேடிப் பிடித்தால் அந்தக் கடலடிப் பாறைத்திட்டில் ஆணே மிஞ்சாது.

விடும் மீனை நனைந்த கையால் பிடியுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கம் நீட்டி நிற்கும் கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். தன் உடம்பளவு நீள வால் உள்ள சுறா தூண்டிலில் மாட்டினால் உடனே நூலை அறுத்துவிடுங்கள், 2012இலிருந்து அதைப் பிடிக்கத் தடை.