எட்டாவது படித்தவள் கதை எழுதலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 34. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கதை எழுத வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. எழுதிய கதைகளில் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒற்றுப்பிழை நிறைய வருகிறது. "எம்.ஏ. படித்தவர்களே எழுதத் திணறுகிறார்கள், உனக்கு எதற்கு இந்த வேலை?" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நான் எழுதலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாக எழுதலாம். ஆனால் இந்தக் கதையை அல்ல.

கதையையும் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். கதையில் சென்னையில் ஒரு பங்களா, வாசலில் கார், கல்லூரிக்குப் போகிற பணக்காரப் பெண். 'அவளது மதிமுகம் வாடியது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணை நீங்கள் எங்கேயும் பார்த்ததில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

"தலைமன்னார்ல கப்பல் ஏறுனதுல இருந்து எங்க பாட்டி யார்கிட்டயும் பேசலயாம். இங்க வந்து மொத நாள் கொழுந்து நிறுக்கும்போது மேஸ்திரி எடையக் கொறச்சு எழுதுனாராம். அப்பதான் வாயத் தொறந்துச்சாம்."

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். 1964-ல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும், அதன்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியேறியதும் யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி. அத்தனை நாள் வாய் மூடி இருந்தவர் தராசின் முன்னால் வாய் திறந்தார் என்பது உங்கள் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும். கதை அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீங்கள் பங்களாவைத் தேடிப் போயிருக்கிறீர்கள்.

படிப்பு விஷயம். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கம்யூனிஸ்ட் கட்சி அச்சகத்தில் பிழை திருத்தினார், 2002-க்கான ஞானபீட விருது வரை போனார். மேலாண்மை பொன்னுச்சாமியும் ஐந்தாவதுதான். ஊரில் மளிகைக்கடை நடத்திக்கொண்டே எழுதி 2007-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். உங்களுக்கு இன்னும் பக்கத்தில் ராஜம் கிருஷ்ணன் இருக்கிறார். பதினைந்து வயதில் கல்யாணம், கல்லூரிப் பக்கமே போனதில்லை. கணவரின் மின்துறை வேலையால் நீலகிரிக்கு வந்தவர், படுகர் மக்களின் வாழ்க்கையை வைத்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். பிற்பாடு உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்குப் போய் அந்த மக்களோடு பழகினார். அவர் வெளியிலிருந்து வந்து பார்த்துக் கேட்டு எழுதினார். நீங்கள் உள்ளேயே இருக்கிறீர்கள். 'குறிஞ்சித்தேன்' நாவலை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு முறை கதைக்காக, இன்னொரு முறை அதை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பார்ப்பதற்காக. பள்ளியை விட்டவர்கள் யாரும் படிப்பை விடவில்லை, தங்கையே. அவர்கள் படித்த அளவுக்கு நாமும் படித்தாக வேண்டும். இதில் சலுகை கிடையாது.

உங்கள் பேச்சு வழக்கைப் பற்றிக் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். 'படங்கு', 'பிரட்டு', 'கொந்தரப்பு' என்று தோட்டத்துச் சொற்களைக் கடிதத்தில் எழுதிவிட்டு, 'தப்பாக இருந்தால் மன்னிக்கவும்' என்று அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எதற்கு மன்னிப்பு? கி. ராஜநாராயணன் தன் கரிசல் மண்ணின் சொற்களைத் தேடித்தேடிச் சேர்த்து ஓர் அகராதியே போட்டார். நீங்களும் ஒரு நோட்டு வாங்கி, பாட்டி சொன்னது, லயத்து வரிசை வீடுகளில் கேட்டது, சண்டையில் விழுந்தது என எல்லாச் சொல்லையும் எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து யாரிடமும் கேட்டு வாங்க முடியாத சொற்கள் அவை.

ஒற்றுப்பிழைக்குப் பயப்படாதீர்கள். 'ஐ', 'கு' என்ற உருபுகளுக்குப் பின்னாலும், இந்த, அந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னாலும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கூடையைத் தூக்கினாள், வேலைக்குப் போனாள், அந்தப் பாறை. இது பழகிவிட்டாலே பாதிப் பிழை போய்விடும். மீதியை இதழ்களில் திருத்திக்கொள்வார்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பும் பிள்ளைகளும் முடிந்த பிறகு உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், அதனால் தினமும் எழுதுங்கள் என்று சொல்ல மாட்டேன். பறிக்கும்போது கைதான் வேலை செய்கிறது. அப்போது கதையை மனதுக்குள் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பக்கத்து நிரையில் நிற்கும் அக்காவிடம் சொல்லியும் பாருங்கள். அவர் எந்த இடத்தில் கவனம் தப்புகிறாரோ அங்கே கதை தொய்கிறது. பனிக்காலத்தில் கொழுந்து குறையும் நாட்களில் தாளில் இறக்குங்கள். ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, அப்புறம் முழுவதையும் திரும்ப எழுதுங்கள். திரும்ப எழுதுவதில்தான் வேலையே இருக்கிறது.

அனுப்பும்போது பக்கத்தின் ஒரு புறம் மட்டும் எழுதி, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். பணம் கொடுத்தால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்குத் தராசின் முன்னால் பாட்டி மேஸ்திரியிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன? கடிதத்தில் அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு, அங்கிருந்து ஆரம்பியுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.