இரண்டாம் கியரிடம் அவசரம் காட்டாதீர்கள்

இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் நான் ஓட்டும் பழைய ஆல்ஃபா ரோமியோ காரைப் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த இதழை நிரப்பிவிட்டன. விசா, வீட்டு வாடகை பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, பலெர்மோவில் நம் ஆக்கள் பலர் வீட்டு வேலைக்கும் உணவகத்துக்கும் போய்த்தான் பிழைக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் எப்படி ஸ்போர்ட்ஸ் கார்? (வாசகர், லண்டன்)

பதில்: நீங்கள் நினைக்கிற விலை இல்லை, தம்பி. 2008 இல் 8,500 யூரோ. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. பகேரியாவில் ஓர் எலுமிச்சைத் தோட்டத்துக் கொட்டிலில் பதினொரு வருடம் அசையாமல் நின்ற வண்டி அது. 1973 ஆம் ஆண்டின் ஸ்பைடர் 2000 வெலோச்சே, துணிக்கூரையை மடிக்கும் மாடல். நிறம் சிவப்பு என்று பதிவுப் புத்தகத்தில் இருந்தது. மேலே குடியிருந்த கோழிகள் வேறு மாதிரி முடிவு செய்திருந்தன.

நானும் வீடு துடைத்துத்தான் தொடங்கினேன். பிறகு பலாரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கராச்சில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஆனால் கார்ப் பைத்தியம் அதற்கும் முந்தியது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ-40 கார் இருந்தது. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. ஷாம்பூ போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றர் (எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வாயில் இரண்டு பீச்சுப் பீச்சி ஸ்டார்ட் செய்வார். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடும். ஒழுங்கை முழுக்கப் புகை, எல்லோருக்கும் கண் எரியும். பெரியப்பா மட்டும் தலையைச் சரித்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். எஞ்சினுக்குக் காது கொடுக்க நான் படித்தது அங்கேதான்.

கேள்வி: என் கணவர் எழுபதுகளின் ஆல்ஃபா ஸ்பைடர் ஒன்றை வாங்கப் போகிறேன் என்று நிற்கிறார். பார்க்கப் போகும்போது நான் என்ன கவனிக்க வேண்டும்? அவர் நிறத்தையும் வளைவையும் மட்டும்தான் பார்ப்பார். (வாசகி, ரொறன்ரோ)

பதில்: வளைவைப் பார்ப்பதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பினின்ஃபரினா பட்டறை வடித்த உருவம். 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது; அடுத்த மாதமே பட்டறையை நிறுவிய பத்திஸ்தா பினின்ஃபரினா காலமாகிவிட்டார். முதல் வண்டிகளின் வால் உருண்டை. கணவாய் மீனின் உள்ளே இருக்கும் ஓடு மாதிரி இருப்பதால் இங்கே அதற்கு ‘கணவாய் எலும்பு’ என்றே பெயர். 1970 இலிருந்து வாலை நறுக்கென்று வெட்டிவிட்டார்கள். என்னுடையது வெட்டிய வால்.

நீங்கள், அக்கா, குனிந்து பாருங்கள். எஞ்சினைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், அதைத் திருத்தலாம். திருத்த முடியாத அளவுக்குக் காசு தின்பது கறள், அதாவது துரு. அதுவும் ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி, பின் சக்கர வளைவு, டிக்கித் தளத்தில் ஸ்பெயார் சக்கரம் கிடக்கும் குழி, பற்றரி இருக்கும் மூலை: எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுகினால் உள்ளே இரும்பு இல்லை, ஓட்டையை அடைத்த பசைக்கு மேலே பெயின்ற்.

அப்புறம், வண்டியைக் கீழிருந்து ஜாக் போட்டு உயர்த்தச் சொல்லுங்கள். உயர்த்தியபடியே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு அழகாக மூடிய கதவு இப்போது இடித்தால் வண்டியின் முதுகெலும்பு தளர்ந்துவிட்டது. இரும்புக் கூரை இல்லாத கார் அல்லவா, அந்தப் பெட்டிப் பகுதிதான் அதைத் தாங்குகிறது.

அது ஏன் அங்கே கறள் பிடிக்கிறது தெரியுமா? துணிக்கூரை மடிந்து கிடக்கும் பள்ளத்தின் இரண்டு மூலையிலும் மழைத்தண்ணீர் இறங்க ஒவ்வொரு குழாய் உண்டு. அதில் இலை அடைத்தால் தண்ணீர் கண்ட இடத்துக்கு இறங்கும். என் வண்டியில் இடப்பக்கக் குழாயை மெல்லிய கம்பியால் கிண்டியபோது எலுமிச்சை இலைக் கூழும் ஒரு கோழி இறகும் வந்தன. இங்கே சகாராவிலிருந்து சிரோக்கோக் காற்று சிவப்புத் தூசியைக் கொண்டுவந்து கொட்டும்; ஒவ்வொரு சிரோக்கோவுக்குப் பிறகும் அந்தக் குழாய்களில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். வீதியில் சொட்டினால் சரி.

கேள்வி: இத்தாலியக் கார் என்றாலே பாதி நாள் கராச்சில் நிற்கும் என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: நின்றால்தான் கெட்டுப்போகும். மாதம் இரண்டு தரமாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுகிறவர்களுக்குப் பிரச்சினை குறைவு.

கேள்வி: நானும் அதே காலத்து ஆல்ஃபா ஒன்று வைத்திருக்கிறேன், ஸ்பைடர் இல்லை, 1750 என்ற மாடல். காலையில் இரண்டாம் கியர் போடும்போது கரகரவென்று பல்லைக் கடிக்கிறது. கியர்பெட்டி போய்விட்டதா? (வாசகர், சூரிச்)

பதில்: வயசு, அவ்வளவுதான். இந்த ஐந்து கியர்ப் பெட்டியில் முதலில் தேய்வது இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையம், அதாவது கியர் விழுமுன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம். ஒயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அது இன்னும் முரண்டு பிடிக்கும். முதல் ஐந்து கிலோமீற்றருக்கு அவசரம் காட்டாதீர்கள். கியர்த் தடியை நடுவில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெதுவாக உள்ளே விடுங்கள். தட்டையான வீதி என்றால் முதலிலிருந்து நேரே மூன்றுக்குப் போனாலும் எஞ்சின் கோபிக்காது. இறங்கி வரும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இரட்டைக் கிளச்: நடுவுக்கு எடுக்க ஒருமுறை, இரண்டில் விட மறுமுறை மிதிக்க வேண்டும். பழைய லொறிச் சாரதிகள் போடுவார்களே, அதேதான். நான் பதினைந்து வருடமாக இப்படியே சமாளிக்கிறேன். வண்டி முழுக்கச் சூடான பிறகும் கரகரத்தால் மட்டும் பெட்டியை இறக்குவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: சார், எங்கள் வீட்டில் அப்பாவின் பிரீமியர் பத்மினி நிற்கிறது. அதுவும் இத்தாலிய ரத்தம்தானே? உங்கள் ஆல்ஃபாவுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ரத்தம் இத்தாலியம்தான்: ஃபியட் 1100. ஆனால் உங்களுடையது 1,089 சிசி, காபரேற்றர் ஒன்று, சாதுவான பிள்ளை. என்னுடையதில் காபரேற்றர் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், நாலு சிலிண்டருக்கும் ஆளுக்கு ஒரு வாய். இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும். அதற்கு இப்போது மானி விற்கிறார்கள். நான் அரை மீற்றர் ரப்பர்க் குழாய்தான் வைத்திருக்கிறேன். எஞ்சின் சூடானதும் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மற்றதை ஒவ்வொரு வாய்க்கு முன்னாலும் பிடிப்பேன். ஸ்ஸ்ஸ் என்று பாம்பு சீறுவது மாதிரிக் கேட்கும். முன்னால் இருப்பது மெல்லச் சீறி, பின்னால் இருப்பது கனத்துச் சீறினால், இரண்டையும் இணைக்கும் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி கேட்க வேண்டும். வெளியே மோட்டார் சைக்கிள் போனால் பொறுத்திருக்க வேண்டும். பலெர்மோவில் அதற்கே அரை நாள் போய்விடும்.

எவ்வளவு திருகியும் ஒத்துவராவிட்டால் குற்றம் திருகாணியில் இல்லை. காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர்த் தாங்கி ஒன்று உண்டு. அது வெடித்துக் கள்ளக்காற்று உள்ளே போகும். விரலால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறக்கும். இது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்று நம் இருவருக்கும் பொருந்தும்: பெற்றோல் குழாய். இப்போதைய பெற்றோலில் எத்தனோல் கலக்கிறார்கள், பழைய ரப்பரை அது அரித்துவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்பு மை மாதிரி ஒட்டினால் அன்றைக்கே மாற்றுங்கள். சீற்றுக்குக் கீழே ஒரு சின்னத் தீயணைப்பு உருளையும் இருக்கட்டும்.

கேள்வி: ஏன் ஃபெராரி வாங்கவில்லை? (வாசகர், பாரிஸ்)

பதில்: கேள்வி கேட்பது சுலபம். ஆல்ஃபாவில் வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டை காம்ஷாஃப்ற்றைச் சுழற்றுவது சங்கிலி. ஃபெராரி 348 இல் ரப்பர் பட்டி. காலம் முடிந்ததும் மாற்றியே ஆக வேண்டும், அதற்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். நான் என் சமையலறையை விற்க வேண்டும்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், நடுவீதியில் விட்டிருக்கிறதா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: விட்டிருக்கிறது, பிழை என்னுடையது. 2014 கோடையில் எண்பது கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் இருக்கைக்குக் கீழே ஒரு நடுக்கம். ஒரு ரயர்க் கடையில் இரண்டு தரம் சக்கரங்களைச் சமன் செய்து காசு வாங்கினார்கள். நடுக்கம் போகவில்லை, நானும் விட்டுவிட்டேன். கொலெசானோவுக்குப் போய்த் திரும்பும் வழியில் நடுக்கம் இடியானது. ஓரம்கட்டி, அட்டையை விரித்து, ரோச்லைற்றோடு கீழே படுத்தேன். கியர்பெட்டியையும் பின்னால் போகும் தண்டையும் இணைக்கும் ரப்பர் வளையத்தில் என் சுண்டுவிரல் நுழைகிற வெடிப்பு.

புது வளையம் வந்தது. சுற்றிலும் ஒரு தகரப் பட்டி. பெட்டியில் வரும்போது சிதையாமல் கட்டியிருக்கிறார்களாக்கும் என்று குறட்டால் வெட்டிப்போட்டேன். வெட்டியதும் வளையம் பொங்கிய தோசை மாதிரி விரிந்துவிட்டது. ஒரு துளைக்கும் போல்ற் நேரே வரவில்லை. அந்தப் பட்டி வளையத்தை இறுக்கிப் பிடிக்கவே போட்டது; எல்லாப் போல்ற்றையும் பூட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும். பெரிய குழாய்க் கவ்விகள் இரண்டைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இரவு பதினொன்றரைக்கு முடித்தேன். பெரியப்பா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

இந்த வளையத்துக்கு இங்கே ‘ஜூபோ’ என்று பெயர். பிரெல்லி ரயர் நிறுவனத்தில் வேலை செய்த பொறியியலாளர் அந்தோனியோ போஸ்கி கண்டுபிடித்தது. ‘ஜுந்தோ’ என்றால் இணைப்பு, அதோடு போஸ்கியின் தொடக்கமான ‘போ’. அவரும் மனைவியும் ஆயுள் முழுக்க ஓவியம் வாங்கிச் சேர்த்தார்கள். மிலானில் அவர்கள் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். போய்ப் பார்த்தேன். சுவர் நிறைய த கிரிக்கோவும் ஃபொந்தானாவும் தொங்க, நான் மட்டும் என் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கேள்வி: வருடத்துக்கு என்ன செலவாகும்? (வாசகர், ஒஸ்லோ)

பதில்: போன வருடம் எனக்கு 1,150 யூரோ, காப்புறுதியும் சேர்த்து. பாதிக்கு மேல் புதுத் துணிக்கூரை. முப்பது வயது தாண்டிய வண்டிக்கு இத்தாலியில் வழக்கமான வீதி வரி இல்லை. வீதியில் ஓட்டும் வருடத்துக்கு ஒரு சிறு தொகை, சிசிலியில் சுமார் 26 யூரோ. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் பரிசோதனை. எஞ்சின் ஒயில் ஆறு லீற்றருக்கு மேல் பிடிக்கும், ஓட்டம் குறைவென்றாலும் வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. 1993 வரை ஒரு லட்சத்துக்கு மேல் செய்து விற்ற வண்டி; ஜேர்மனியிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் நாலு நாளில் வந்துவிடும்.

கேள்வி: கறுப்பன் ஒருவன் இப்படிக் காரில் போனால் இத்தாலியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? (வாசகர், லண்டன், முதல் கேள்வி கேட்ட அதே தம்பி)

பதில்: பொலிஸ் மறித்திருக்கிறது, பதிவுப் புத்தகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசலியா கோயிலுக்கு நம் சனம் நடந்து ஏறும், சைவக்காரரும்தான். அந்த வழியில் நான் காரோடு போனால் நம்மவர்கள்தான் அதிகம் முறைக்கிறார்கள்.

செர்தாவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊருக்கு வெளியே பழைய தார்கா ஃபுளோரியோ கார்ப் பந்தயத்தின் பார்வையாளர் மேடைகள் இன்னும் நிற்கின்றன. 1906 இல் தொடங்கிய பந்தயம். எழுபதுகளில் மதோனியே மலை வீதிகளில் ஒரு சுற்று 72 கிலோமீற்றர். பலெர்மோக்காரர் நீனோ வாக்கரெல்லா, தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியர், அதை மூன்று தரம் வென்றார். அதில் 1971 உம் 1975 உம் ஆல்ஃபாவில். மேடைக்கு முன்னால் நான் வண்டியை நிறுத்தியிருந்தபோது தொப்பி போட்ட கிழவர் ஒருவர் வீதியைக் கடந்து வந்தார். 71 இல் வாக்கரெல்லா போனதை இந்த வளைவில் நின்று பார்த்தேன் என்றார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். எந்த நாடு என்று கேட்கப் போகிறார் என்று பதிலோடு நின்றேன்.

“இரண்டாவது கரகரக்கிறதா?” என்று கேட்டார்.

காலையில் மட்டும் என்றேன். தலையாட்டிவிட்டு, பொனற்றைத் திறக்கச் சொன்னார்.