யார் கையெழுத்து வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மாலை நேர டியூஷன் மையத்தில் படித்த 18 முதல் 23 வயதுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக இருபது பேர் இருக்கிறார்கள். கருத்தடை, கருக்கலைப்பு, பெண்ணுக்குள்ள உரிமை பற்றித் தெருவில் பேசுகிறவர்களாக அவர்களைப் பழக்க ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, வியாசர்பாடி

மேடைப் பேச்சில் தொடங்காதீர்கள். நன்றாகப் பேசத் தெரிந்து, தவறான தகவல் சொல்கிற பிள்ளையால் ஒரு பெண்ணுக்குப் பெரிய சேதம் வரும். எட்டு வாரம், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காரட்டும். மாதவிடாய், கரு உருவாவது, கருத்தடை முறைகள் எல்லாவற்றையும் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுங்கள். பிறகு சேர்த்து உட்கார வையுங்கள்.

ரகசியம் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும். "இங்கே சொல்வது வெளியே போகாது" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். 18 வயது நிரம்பாத ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பெரியவர்கள் மறைத்தால் தண்டனை உண்டு. ஒரு பெண் நம்பிக் கொட்டித் தீர்த்த பிறகு இதைச் சொன்னால், அவள் மறுபடி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். அவள் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு, ஒரே நிறப் பேனா. கேட்க ஒன்றும் இல்லாதவர் "கேள்வி இல்லை" என்றாவது எழுதிப் போட வேண்டும். இல்லையென்றால் யார் எழுதினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சீட்டுகளை அங்கேயே பிரித்துப் படிக்காதீர்கள். கையெழுத்தைப் பக்கத்தில் இருப்பவரே கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் வேறு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம் ஆளுக்கொரு மாதக் காலண்டர் கொடுத்து வாரக் கணக்குப் பழக்குங்கள். அதிகம் தப்பு நடப்பது இதில்தான். கர்ப்பத்தின் வாரத்தை மருத்துவர் எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. பெண்களோ நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கடைசியாக ஜூன் 5 அன்று மாதவிடாய் வந்தது, 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 3 அன்று வரவில்லை. ஆகஸ்ட் 14 அன்று அவள் "ஆறு வாரம்தான்" என்பாள். மருத்துவர் கணக்கில் அது பத்து வாரம். மாத்திரை மூலம் கலைக்க நம் சட்ட விதிகள் அனுமதிக்கும் ஒன்பது வாரம் அதற்குள் தாண்டிவிட்டது. இருபது பேரும் வேறு வேறு தேதி வைத்துப் போட்டுப் பார்க்கட்டும், பிசகாமல் வரும்வரை.

கடைசி மூன்று வாரமும் நடித்துப் பழகுவதற்கு. ஒருவர் மருத்துவமனை கவுன்ட்டர் ஊழியர், ஒருவர் பெண், ஒருவர் துணைக்கு வந்தவர். ஊழியர் கேட்பார்: "கல்யாணம் ஆச்சாம்மா? புருஷன் வரலையா?" துணைக்கு வந்த பிள்ளை உடனே சட்டம் பேசிச் சண்டைக்குப் போகும், அல்லது பெண்ணுக்கு முன்னால் தானே பதில் சொல்லும். இரண்டுமே கூடாது. பெண்ணைப் பேச விட்டு, தடை வந்தால் மட்டும் "சம்மதப் படிவத்துல அவங்க கையெழுத்து போதும் மேடம், டாக்டரைப் பாக்கணும்" என்று தணிந்த குரலில் சொல்லப் பழக வேண்டும். இருபது பேரும் மூன்று வேடத்தையும் போட்டே ஆக வேண்டும். பெண்ணாக உட்காரும் பையனுக்கு அந்தக் கவுன்ட்டர் எவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் தெரியும்.

உண்மையிலேயே கணவர் கையெழுத்து வேண்டாமா? கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

வேண்டாம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்குக் கருக்கலைப்புச் சட்டம் கேட்பது அவள் சம்மதத்தை மட்டுமே. அதற்கான தாள்தான் 'படிவம் சி'. கணவர், அப்பா, மாமியார் கையெழுத்து கேட்பது பழக்கம், சட்டம் அல்ல. 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை.

2021-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகள் குறிப்பிடும் சூழ்நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு மருத்துவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாதவர் என்பதற்காக அந்தச் சூழ்நிலைகளிலிருந்து ஒரு பெண்ணை ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் போக்சோ தகவலில் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஒன்றை மட்டும் உங்கள் தோழிகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கடையில் யாரோ கொடுத்த மாத்திரையைத் தனியாக விழுங்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவில் இரண்டு மணி நேரம் ரத்தம் போனால், வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இருக்கின்றன.

கருத்தடை பற்றிய நாலு மணிக் கூட்டத்துக்குப் பையன்களைக் கூப்பிட்டால் "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்கிறார்கள். கூட்டத்துக்கே வருவதில்லை.
– வாசகர், காசிமேடு

கடலுக்குப் போகிறவர்களை நாலு மணிக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் வலை பின்னுகிற இடத்துக்கே போய் வகுப்பு வையுங்கள்.

பேச்சை அவர்கள் உடம்பிலிருந்து தொடங்குங்கள். பெண்ணுக்கான குடும்பக் கட்டுப்பாடு அறுவை வயிற்றுக்குள் போய்ச் செய்வது. ஆணுக்கோ தையலே இல்லாத சின்னத் துளை, சில நிமிட வேலை. இரண்டு நாள் ஓய்வு. வலை இழுப்பது போன்ற பளு வேலைக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஆண்மையும் பலமும் குறையாது. ஆனால் அன்றைக்கே பலன் கிடைத்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மனைவி கர்ப்பமாவாள், பழியும் அவள் மேலேயே விழும். வீடு உடைவது இப்படித்தான்.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் என்ன கேட்பது?
– இளைஞர் குழு, கொடுங்கையூர்

ஒரே ஒரு கோரிக்கை, ஒரே பக்கம். உதாரணமாக, "எங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி தடையில்லாமல் கிடைக்க வேண்டும்." அதற்கு முன் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, கடந்த ஆறு மாதத்தில் ஊசி இருப்பு எத்தனை நாள் இல்லை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அந்தத் தாளோடு, வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்குப் போங்கள். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.