அகரோவாவில் பாய்மரப் படகு: மாமியாருக்கு ஒத்துக்கொள்ளுமா, மகளுக்கு டால்பின் தெரியுமா?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அகரோவா போய், பாய்மரப் படகில் ஏறி டால்பின் பார்க்க ஆசை. மாமியாருக்கு 68 வயது, பஸ்ஸில் போனாலே குமட்டும். மகளுக்கு 7 வயது. மோட்டார் படகென்றால் சீக்கிரம் போய்க் காட்டிவிடுவார்கள் என்கிறார்கள். எதை எடுப்பது?

பாய்மரப் படகையே எடுங்கள், காலை நேரமாகப் பார்த்து. மாமியாரை நினைத்துக் கடலைவிடச் சாலைக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அகரோவா ஒன்றரை மணி நேரப் பயணம். கடைசிப் பகுதி ஹில்டாப் என்ற மேட்டில் ஏறி, வளைந்து வளைந்து இறங்கும். அந்த வளைவுகளில் தலை சுற்றி இறங்கியவரை நேராகப் படகில் ஏற்றினால் எந்தப் படகும் ஒத்துக்கொள்ளாது. முடிந்தால் முந்தின நாளே போய் அங்கே தங்கிவிடுங்கள். முடியாவிட்டால் கிளம்பும் முன்பே குமட்டல் மாத்திரை போடட்டும், காரில் முன் சீட்டில் உட்காரட்டும். வாந்தி தொடங்கிய பிறகு போடும் மாத்திரையால் பெரிதாகப் பயன் இல்லை. இரத்த அழுத்தமோ கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயோ இருப்பவர்களுக்குச் சில மாத்திரைகள் ஆகாது. அதனால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். காலையில் இரண்டு இட்லி அளவுக்குச் சாப்பிட்டால் போதும், வெறும் வயிறும் கூடாது.

இனி படகு. மோட்டார் படகு வேகமாகப் போகும்போது பலருக்கும் ஒன்றும் செய்வதில்லை. டால்பினைப் பார்க்க நிறுத்துகிறார்களே, அப்போதுதான் சிக்கல். ஓட்டம் நின்ற படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடும், டீசல் புகையும் சேர்ந்துகொள்ளும். பாயில் காற்று நிறைந்த படகோ ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிற்கும், ஆட்டம் குறைவு. அந்தச் சாய்வு முதலில் பயமாக இருக்கும், ஆனால் படகின் அடியில் இருக்கும் எடை அதை நிமிர்த்திக்கொண்டே இருக்கிறது. மாமியார் படகின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், வெளியில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்க்கட்டும். அறைக்குள் போகவே வேண்டாம், போனைக் குனிந்து பார்க்கவும் வேண்டாம். பாயைத் திருப்பும்போது அதன் அடியிலுள்ள நீளக் கம்பு தலைமட்டத்தில் வீசி வரும். மாலுமி குரல் கொடுத்ததும் எல்லோரும் குனிய வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எவ்வளவு நேரம் பாயில் ஓட்டுவீர்கள்?” துறையிலிருந்து வெளியே போகவும், காற்று விழுந்தால் திரும்பி வரவும் எல்லாப் பாய்மரப் படகிலும் இன்ஜின் இருக்கும், அதில் தவறில்லை. பாயே விரிக்காமல் முழுக்க இன்ஜினில் சுற்றிக் காட்டினால் மேலே சொன்ன நன்மைகள் கிடைக்காது. ஏணி எப்படி, கழிப்பறை உண்டா, குழந்தை அளவில் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சரி, டால்பின். அகரோவாவில் உங்கள் மகள் பார்க்கப்போவது ஹெக்டர் டால்பின். உலகிலேயே நியூசிலாந்துக் கடலில் மட்டும் வாழும் இனம், மொத்தம் சுமார் 15,000 இருக்கும் என்பது கணக்கு. முழு வளர்ச்சி அடைந்ததே ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. முதுகுத் துடுப்பு மற்ற டால்பின்களுக்கு இருப்பதுபோலக் கூர்மையாக இல்லாமல் மிக்கி மவுஸ் காது மாதிரி வட்டமாக இருக்கும். அதை மகளுக்கு முன்கூட்டியே காட்டி வையுங்கள், அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள்.

வேகமாகப் போய்க் காட்டுவது என்ற பேச்சு இந்த டால்பினுக்குப் பொருந்தாது. மெதுவாகப் போகும் படகின் மூக்கருகே தானாக வந்து விளையாடும் குணம் இதற்கு. விரையும் படகைப் பெரும்பாலும் பின்தொடராது. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது: 1992ஆம் ஆண்டு விதிகளின்படி, டால்பின்களிலிருந்து 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக்கூடாது, அலை கிளப்பாத வேகத்தில்தான் போக வேண்டும், கூட்டத்தின் நடுவே புகுந்து பிரிக்கக்கூடாது. ஜனவரியில் குட்டிகள் இருக்கும். ஒரு தாய் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு குட்டிதான் ஈனும், அதனால் ஒவ்வொரு குட்டியும் இந்த இனத்துக்குப் பெரிய விஷயம். குட்டியோடு இருக்கும் கூட்டத்தை உங்கள் மாலுமி விட்டு விலகினால் ஏமாந்ததாக நினைக்காதீர்கள், நல்ல ஆளிடம் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலைகளில் சிக்கி இவை ஏராளமாகச் செத்ததை ஆராய்ச்சியாளர்கள் ஸ்டீவ் டாசனும் லிஸ் ஸ்லூட்டனும் ஆய்ந்து சொன்ன பிறகுதான் 1988இல், அகரோவா இருக்கும் பேங்க்ஸ் தீபகற்பத்தைச் சுற்றிச் சரணாலயம் வந்தது. இன்று நாம் எளிதாகப் பார்க்க முடிவதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

டால்பினோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் துறைமுகமே கடல் புகுந்த பழைய எரிமலை, பாறைச் சுவர்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும். வாய்ப்பகுதியை நெருங்கினால் பாறைகளில் ஃபர் சீல்கள் படுத்திருக்கும். தண்ணீரில் சின்னதாக ஒரு தலை மிதந்தால் அது சிறு பென்குயினாக இருக்கலாம். இவை இருட்டிய பிறகே கரை ஏறும், பகலில் கடலில்தான் இரை தேடும். பைனாகுலர் எடுத்து வந்தால் 7 மடங்கு போதும், 10 மடங்கில் படகின் ஆட்டமும் பெரிதாகித் தெரியும்.

காலையில் போகச் சொன்னது காற்றுக்காக. ஜனவரி அங்கே கோடை, நிலம் சூடேறியதும் பிற்பகலில் வடகிழக்குக் கடற்காற்று வலுக்கும். நீர் கலங்கி அலை நுரைத்தால் வட்டத் துடுப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம், மாமியாருக்கும் கஷ்டம். இன்னொன்று தெற்குக் காற்று. துறைமுகத்தின் வாய் தெற்குப் பார்த்தது, அந்தக் காற்று அடித்தால் பெரிய அலை நேராக உள்ளே வரும், வெயிலும் சட்டென்று குளிராகும். முந்தின நாள் இரவு நியூசிலாந்து வானிலைத் துறையான மெட்சர்வீஸின் அறிவிப்பைப் பாருங்கள். ‘சதர்லி’ வருகிறது என்று இருந்தால் படகுக்காரரைக் கூப்பிட்டு நாளை மாற்றச் சொல்லுங்கள். அதற்காகவே அகரோவா பயணத்தைச் சுற்றுலாவின் கடைசி நாளில் வைக்காமல், பின்னால் ஒரு நாளாவது இடம் விட்டு வையுங்கள். கோடைதானே என்று இருக்காமல் காற்று புகாத ஜாக்கெட் எல்லோருக்கும் எடுங்கள். அங்கே வெயில் தோலைச் சீக்கிரம் சுட்டுவிடும், மேகமூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.