வாட், டெசிபெல், கூடத்துச் சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நாதஸ்வரமும் தவிலும் கேட்பதற்காக ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்க எண்ணியுள்ளேன். விவரத்தாள்களை எவ்வளவு படித்தும் முடிவுக்கு வர இயலவில்லை. எண்களை விட்டுவிட்டுக் காதை நம்பச் சொல்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரிதானா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எப்படி அளந்தார்கள் என்பதைச் சொல்லாத எண்ணை நீங்கள் தயங்காமல் ஒதுக்கலாம். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. வாட் (கணநேர உச்சத் திறன்) அத்தகையது, ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) எவ்வளவு என்று கேளுங்கள். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்ற அதிர்வெண் வரம்பும், அதற்குள் ஒலியளவு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற எல்லை பக்கத்தில் ‘கூட்டல் கழித்தல் 3 டெசிபெல்’ என்பதைப் போலக் குறிக்கப்படாவிட்டால், எதையும் உறுதி செய்வதில்லை.

ஆனால் யாரும் கவனிக்காத ஓர் எண்ணை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். அது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் திறனுக்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்கு 20 வாட் போதுமென்றால், 84 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் அதே ஒலியளவை எட்ட 80 வாட் வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் தேவைப்படும் திறன் இரட்டிப்பாகிறது. தவிலின் அடி ஒவ்வொன்றும் கணநேரத்தில் உச்சத்தைத் தொட்டுத் தணிவதால், திறன் போதாத ஆம்ப்ளிஃபயர் அந்த முனைகளை மழுக்கிவிடும். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமா, 8 ஓமா என்பதையும், ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஒலிச் சிதைவு 0.01 விழுக்காடா, 0.001 விழுக்காடா என்று கவலைப்பட வேண்டாம். ஸ்பீக்கர் தன் பங்காகச் சேர்க்கும் சிதைவு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

எந்தத் தாளிலும் இல்லாதது உங்கள் கூடம். கும்பகோணத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரையும் வெறும் சுவர்களும் கொண்ட எங்கள் கூடத்தில், மூலையில் வைத்த ஸ்பீக்கரில் தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கழியின் அடிகள் ஒன்றோடொன்று குழம்பி ஒரே உறுமலாகக் கேட்டன. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தி, எதிரே கனத்த ஜமுக்காளத்தை விரித்தேன். அதன்பின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்களில் அணியும் கூடுகள் எழுப்பும் சொற்கள் தனித்தனியே தெளிந்தன. கருவியில் எதையும் மாற்றவில்லை. மூலையும் சுவரும் தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும்; வெறுந்தரையும் சுவரும் எதிரொலித்து அடிகளைக் கலக்கும்.

ஆகவே எண்களைக் கொண்டு பொருந்தாதவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சும் இரண்டு ஜோடிகளையும் கடைக்காரர் இசைந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து, நீங்கள் நன்கறிந்த ஒரே பதிவை இரண்டிலும் கேளுங்கள். இரண்டின் ஒலியளவையும் கைப்பேசிச் செயலியால் அளந்து சமப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் காது நல்லதென்று எடுத்துக்கொள்ளும்.