லேப்டொப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது: கொழும்பு வீட்டுக் கணினிகளுக்கு ஒரு கேள்வி பதில்

வந்த கேள்விகளை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எல்லோரும் வைரஸைத்தான் சந்தேகப்படுகிறீர்கள். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக், தூசு, உப்புக்காற்று, செத்துப்போன பற்றரி இவற்றில் ஒன்று. "ஃபோர்மட் அடிச்சா சரியாகிடும்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்கும் முன் கீழே உள்ளவற்றை ஒருமுறை பாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, சார்ஜ் போட்டபடி லேப்டொப்பின் உலோக மூடியைத் தடவினால் சுர்ரென்று இருக்கிறது. வயரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. கரண்ட் அடிக்குமா?

அது எர்த் இல்லாததன் அறிகுறி. சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டொப் பக்கத்துக்கும் நடுவே சின்னக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். மின் இரைச்சலை அடக்க வைத்தது. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் கசியும். எர்த் வயர் இருந்தால் கசிவு அந்த வழியே போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரல்தான் வழி. நல்ல சார்ஜரில் இது ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் மலிவான போலிச் சார்ஜரில் அதே கெப்பாசிட்டர் தரமில்லாததாக இருந்து ஷோர்ட் ஆனால், முழு 230 வோல்ட்டும் மூடிக்கு வரலாம். ஆகவே "பழகிப்போச்சு" என்று விடாதீர்கள்.

நம் வீடுகளில் இது எப்படி வருகிறது? சார்ஜரோடு வந்தது 13 அம்பியர் சதுரப் பின். சுவரில் இருப்பது பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கெட். நடுவில் ஒரு மலிவு அடாப்டர். அதில் மூன்றாவது பின் பார்வைக்கு இருக்கும், உள்ளே எதோடும் இணைந்திருக்காது. இன்னொரு வழக்கம் இன்னும் மோசம்: சதுர சொக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனை மூடியைக் குத்தி, கீழ் ஓட்டைகளின் தடுப்பைத் திறந்து, இரண்டு பின் பிளக்கைச் செருகுவது. எர்த்தும் இல்லை, பிடிப்பும் இல்லை, பொறி பறந்து சொக்கெட் கருகும்.

மல்டிமீட்டர் இருந்தால், பழக்கமும் இருந்தால், ஏசி 750 வோல்ட் அளவில் வையுங்கள். லைவுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் வரவேண்டும். லைவுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே எண் வரவேண்டும். அது 60, 90, 110 என்று அலைந்தால் எர்த் செத்துவிட்டது. மேசைக் கணினிக்கு இன்னும் எளிய அடையாளம்: பின்பக்க ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். எர்த் சரியாக இருந்தால் எரியாது.

தொடர்மாடியின் எர்த்தே இல்லை என்றால் எலெக்ட்ரீஷியன்தான் பார்க்கவேண்டும். எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: நியூட்ரல் எங்காவது அறுந்த நாளில் வீட்டின் எல்லா உலோகப் பெட்டிகளும் லைவ் ஆகும். வந்த கையோடு ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் விழாத ட்ரிப் சுவிட்ச் சுவரலங்காரம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மகனுடைய லேப்டொப் பத்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடுகிறது தம்பி. ஒரு கடையில் விண்டோஸ் புதிதாகப் போட்டார்கள். இரண்டு நாளில் பழைய கதைதான்.

தானாக நிற்பது கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை, அக்கா. பிராசசர் 100 பாகையைத் தொட்டால் முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு கரண்டை வெட்டும். விண்டோஸ் புதிதானாலும் தூசு பழையதுதானே.

காற்று வெளியே வரும் ஓட்டைக்கு முன்னால் கையை வையுங்கள். ஃபேன் இரைகிறது, ஆனால் காற்று மெலிவு என்றால் அடைப்பு. அடிமூடியைக் கழற்றும் முன் கரண்டை நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 15 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே முதல் வேலை பற்றரி கனெக்டரைக் கழற்றுவது. ஃபேனை மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படை உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் இறுகும். ஃபேனின் மூன்று நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கி, அந்தப் படையைச் சாமணத்தால் முழுதாக உரித்தெடுக்கவேண்டும். புளோவர் பிடித்தால் ஃபேன் இறகை ஒரு குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பெயரிங் போய்விடும்.

மூன்று நான்கு வருடம் ஆன இயந்திரம் என்றால் பிராசசரின் சூட்டைக் கடத்தப் பூசிய தேர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு ஓர் அரிசியளவு போதும். நிறையப் பூசினால் நிறையக் குளிரும் என்பது தவறு. ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். இறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது எதிர் வரிசை. மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்துப் பாவிக்கும் வரை, எத்தனை தரம் சுத்தம் செய்தாலும் இது திரும்ப வரும்.

மட்டக்குளியிலிருந்து: ரெண்டு டெராபைட் பென்ட்ரைவ் மலிவாகக் கிடைத்தது. படங்கள் ஏறுகின்றன, திறந்தால் பாதி திறக்கவில்லை.

போலி. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப், அதன் கொன்ட்ரோலரைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் புதியது பழையதின் மேல் எழுதப்படும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள், உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். திறக்காத படங்கள் பெரும்பாலும் போனவைதான். மூலப் பிரதியைத் தேடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: 500 ஜிபி டிஸ்க் வாங்கினால் 465 என்று காட்டுகிறது. இதுவும் போலியா?

இல்லை. கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. இரண்டும் ஒரே இடம்தான்.

தெஹிவளையிலிருந்து: கோவில் சபையின் பழைய அறிக்கைகள் வேர்ட் கோப்பில் இருக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. வைரஸ் அழித்துவிட்டதா?

ஒன்றும் அழியவில்லை ஐயா. அது பாமினி எழுத்துரு. இலங்கையில் அச்சகம் முதல் அலுவலகம் வரை பல வருடம் அதில்தான் தட்டச்சு நடந்தது. அதன் சூட்சுமம் இதுதான்: கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள் இருக்கும், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். "தமிழ்" என்று தெரிகிற இடத்தில் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. புதிய கணினியில் பாமினி இல்லை, போர்வை விலகிவிட்டது, அவ்வளவே.

பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பாமினி எழுத்துருவை நிறுவினால் போதும். ஆனால் இந்த அறிக்கைகள் இன்னும் இருபது வருடம் வாழவேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். முதலில் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே வையுங்கள். பிறகு பகுதி பகுதியாக நகலெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாமினி மாற்றியில் ஒட்டி, வருவதைப் புதிய கோப்பில் சேருங்கள். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள் இருந்தால் அவையும் தமிழாகிப் பிதற்றும். மாற்றிய பின் எழுத்துருவை நிர்மலா என்று வையுங்கள், அது விண்டோஸோடு வருவது. புதிய கோப்பிலும் எழுத்துரு பாமினி என்றே இருந்தால் கோலம் கெடும், பலர் தடுக்கி விழுகிற இடம் அது.

இனி அச்சுக்குக் கொண்டுபோகும்போது வேர்ட் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொடுங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: கரண்ட் போனால் வைஃபையும் போகிறது. ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் என்று விற்கிறார்களே, எதை வாங்குவது?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே நிறுத்தியது என்றார்கள். ஆகவே நியாயமான கேள்வி.

விளம்பரத்தைப் பார்க்கவேண்டாம், ரவுட்டர் அடாப்டரின் முதுகைப் பாருங்கள். ஃபைபர் பெட்டிகளில் பொதுவாக 12 வோல்ட், 1 முதல் 2 அம்பியர் வரை எழுதியிருக்கும். மினி யூபிஎஸ்ஸின் வோல்ட் அச்சொட்டாக அதே இருக்கவேண்டும். அம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. பிளக்கின் நடுப்பகுதி பொசிட்டிவா என்று சின்ன வட்டப் படத்தில் காட்டியிருக்கும், அதுவும் பொருந்தவேண்டும்.

எத்தனை மணி நேரம் ஓடும்? பெட்டியில் 8800 மில்லி அம்பியர் மணி என்று இருந்தால் அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8.8 ஐ 3.7 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 32.5 வாட் மணி. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் 27. ரவுட்டர் 8 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே. அதுவும் பெட்டியில் எழுதியது உண்மையாக இருந்தால்.

பெரிய யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். சூடேறும் கணத்தில் அது இழுக்கும் கரண்டை 650 விஏ யூபிஎஸ் தாங்காது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி ஈயப் பற்றரிக்கு நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். கரண்ட் போன அடுத்த நொடியே கணினியும் அணைந்தால் முழு யூபிஎஸ்ஸையும் எறியவேண்டியதில்லை, முதலில் அந்தப் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: தினமும் காலையில் கணினி பழைய வருடத்தைக் காட்டுகிறது. வங்கித் தளம் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கிறது.

மதர்போர்டில் நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரி தீர்ந்துவிட்டது. தளத்தின் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி அதற்கு முந்தைய வருடத்தில் வாழ்வதால் நம்ப மறுக்கிறது. வயரைப் பிடுங்கி, பற்றரியின் பக்கத்துக் கொளுக்கியைத் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே வர வையுங்கள். பிறகு பயோஸில் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) தேதியும் டிஸ்க் வரிசையும் சரிபார்க்கவேண்டும்.

மருதானையிலிருந்து: போட்டோகொப்பி கடையில் செருகிய பென்ட்ரைவில் கோப்பெல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது.

இது மட்டும் உண்மையிலேயே வைரஸ். ஷோர்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் உங்கள் கணினிக்கும் தொற்றும். கோப்புகள் ஒளிக்கப்பட்டிருக்கின்றன, அழியவில்லை. ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் ஒளிந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள், "பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை" என்பதன் சரி அடையாளத்தையும் எடுங்கள். பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று தோன்றும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பென்ட்ரைவை எக்ஸ்ஃபேட் ஆக ஃபோர்மட் செய்யுங்கள். ஆம், இங்கே ஃபோர்மட் சரியான மருந்துதான். பிறகு விண்டோஸ் டிஃபென்டரில் முழு ஸ்கேன்.

வத்தளையிலிருந்து: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே. லேப்டொப்பை மாற்றவேண்டுமா அண்ணா?

இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் நின்றது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ஐ5 என்பதற்குப் பின் 8250 என்றால் எட்டு, 7200 என்றால் ஏழு. எட்டு இருந்தும் "டிபிஎம் இல்லை" என்று வந்தால், பயோஸில் பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடக்கும், போட்டுவிடுங்கள். ஏழும் அதற்குக் கீழும் என்றால், பாடமும் வீடியோவும்தான் தேவை என்றால், 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். பாமினி வேர்ட் கோப்புகளும் கணக்கு மென்பொருளும் நம்பி இருப்பவர்கள் மட்டும் அவசரப்படவேண்டாம்.

வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கமிருந்து: கணினி பீப் பீப் என்கிறது, திரை வரவில்லை. கடையில் மதர்போர்ட் போய்விட்டது என்றார்கள்.

போயிருக்கலாம். ஆனால் கடலுக்கு அவ்வளவு கிட்ட என்றால் ரேம் என்ற நினைவகத் துண்டை முதலில் பாருங்கள். கரண்டைப் பிடுங்கி, இருபக்கக் கொளுக்கியையும் தள்ளி ரேமை எடுத்து, தங்கநிற விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். மங்கலாகவோ பச்சைப் புள்ளியாகவோ இருந்தால் உப்பு வேலை. வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடையுங்கள். மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும், எந்தச் சொக்கெட்டிலும், அதே பீப்பைத் தந்தால் பிறகு யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்கு ஏறலாம். அங்கேயும் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். பீப் சத்தத்தைப் பார்க்க டிஸ்க் தேவையில்லை.