குன்றின் மேல் வெள்ளைக் குதிரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போனபோது அஃபிங்டன் குன்றின் சரிவில் வெட்டியிருக்கும் பிரம்மாண்டமான வெள்ளைக் குதிரை உருவத்தைப் பார்த்தோம். 3,000 வருஷப் பழசு என்கிறார்கள். கல்வெட்டே இல்லாமல் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– வாசகி, காரைக்குடி

பதில்: பழைய ஆங்கிலேய மன்னர் ஆல்ஃபிரெட், கி.பி. 871-ல் படையெடுத்து வந்த டேனியரை வென்றதன் நினைவாக வெட்டியது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1990-ல் நடந்த அகழாய்வு அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சுமார் 110 மீட்டர் நீளமுள்ள அந்தக் குதிரை வெறுமனே புல்லைச் சீவி எடுத்த கோடு அல்ல. ஒரு மீட்டர் ஆழம் வரை பள்ளம் தோண்டி, சீமைச் சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் பல கோடி ஆண்டுப் பழசு. அதை வைத்து ஓவியத்தின் வயதைச் சொல்ல முடியாது. பள்ளத்தின் அடியில் தங்கிய மண்ணைத்தான் ஆராய்ந்தார்கள். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் (வெங்கச்சங்கல்) மணிகள் சுற்றிலுமுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டே வரும். வெயில் பட்டால் சேர்ந்ததெல்லாம் போய்விடும். மறுபடி புதைந்ததும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உலோகக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மண்ணை எடுப்பார்கள். ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில் பிரித்து, ஒளியைப் பாய்ச்சி, மணிகள் உமிழும் வெளிச்சத்தை அளப்பார்கள். சேர்ந்த ஆற்றல் எவ்வளவு என்று அது காட்டும், அதிலிருந்து எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று கணக்கிடுவார்கள். எடுக்கும்போது கொஞ்சம் வெயில் பட்டாலும் வயது குறைவாக வந்துவிடும். இங்கே கிடைத்தது கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடைப்பட்ட காலம். அதற்குமேல் துல்லியமாக ஒரே வருஷத்தைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இங்கிலாந்தின் டார்செட்டில் இதேபோல் குன்றில் வெட்டிய 55 மீட்டர் உயர மனித உருவமான செர்ன் அப்பாஸ் பூதத்துக்கும் இதே சோதனை நடந்தது. அது வரலாற்றுக்கு முந்தியது என்று ஒரு கட்சியும் 17-ஆம் நூற்றாண்டு என்று இன்னொரு கட்சியும் வாதாடிக்கொண்டிருந்தன. 2021-ல் வந்த முடிவு கி.பி. 700–1100. இரு கட்சியும் எதிர்பார்க்காத விடை.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு நூறு வருஷமாகியும் பளபளக்கிறது. அந்தக் குதிரைக்கு மட்டும் ஏன் அடிக்கடி பராமரிப்பு?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் சுவரில் இருப்பது சுட்ட சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசுகிறோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக இறுகும். மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பதால் தண்ணீர் எளிதில் இறங்காது. குன்றில் இருப்பதோ சுடாத பச்சைக் கல். இடித்து இறுக்கியதுதான், ஒட்டிப் பிடிக்க எதுவும் கிடையாது. மழை அதைக் கரைக்கும், சரிவில் இழுக்கும். நுண்துளைகளில் புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பொடியாக்கும். மேலிருந்து மண் சரிந்து மூடும், இரு ஓரத்திலிருந்தும் புல் உள்ளே வரும்.

அதனால் களை பிடுங்கி, ஓரப்புல்லை வெட்டி, அழுக்கேறிய மேல்தோலைச் சுரண்டி, புதுக் கல்லைக் கொட்டி, முழங்காலிட்டுச் சுத்தியலால் நொறுக்கி இறுக்குகிறார்கள். செர்ன் பூதத்துக்கு 2019-ல் மட்டும் 17 டன் தேவைப்பட்டது. ஓரம் வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். கூடுதலாக வெட்டினால் உருவம் பருக்கும், விட்டுவிட்டால் மெலியும். அஃபிங்டன் குதிரை சில இடங்களில் பாதி அகலத்துக்கும் கீழே மெலிந்துபோய், 2024-ல்தான் பழைய அளவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடக் கூடாதென்று புல்லும் சுள்ளியும் போட்டு மறைத்து, போர் முடிந்ததும் மீட்டார்கள்.

இங்கிலாந்தின் இன்னொரு குன்றுக் குதிரையான வெஸ்ட்பரி குதிரைக்கு 1950-களில் சிமென்ட் போட்டார்கள். வேலை குறைந்தது, ஆனால் நிறம் சாம்பலாகி, வெள்ளையடிக்க வேண்டியதாயிற்று. என் கணிப்பில் அது நல்ல பரிமாற்றம் அல்ல. விடாமல் கைபட்டதால்தான் அஃபிங்டன் குதிரை இன்றும் இருக்கிறது.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளோடு திருமயம், பிரான்மலைப் பக்கம் இப்படி ஓர் உருவம் செய்யலாமா?
– ஆசிரியை, தேவகோட்டை

பதில்: பாறையில் வேண்டாம். அங்கே சீவ மெத்தைப் புல்லும் இல்லை, அடியில் வெள்ளைக் கல்லும் இல்லை. பழஞ்சின்னங்கள் உள்ள இடத்தை வெட்டவும் கூடாது. பள்ளிக்குச் சொந்தமான செம்மண் சரிவு போதும். தாளில் 1 செ.மீ. கட்டம் போட்டு வரையுங்கள். தரையில் கயிறு கட்டி 1 மீட்டர் கட்டம் போட்டு, கோடு வெட்டும் இடங்களில் முளை அடியுங்கள். எதிரே தூரத்தில் நின்று பார்த்தால் 30 டிகிரிச் சரிவில் உயரம் பாதியாகத் தெரியும். மேல்நோக்கிய அளவை இரட்டிப்பாக்குங்கள். 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் பறித்து வெங்கச்சங்கல் நிரப்புங்கள். 20 மீட்டர் கோட்டுக்கு ஏறக்குறைய 32 கன அடி, அதாவது ஒரு யூனிட்டில் (100 கன அடி) மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும். சுட்ட சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணைப் பொசுக்கிவிடும். பள்ளத்தின் மேற்புறம் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பாவிட்டால் ஐப்பசி மழையிலேயே செம்மண் இறங்கிக் கல்லை மூடிவிடும்.

பாறையில் வெட்டிய பெரிய உருவங்களைப் பார்க்க ஆசையிருந்தால் கொங்கணக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். ரத்னகிரி வட்டாரத்தில் நம் செம்புறாங்கல் போன்ற பாறைத் தரையிலேயே ஆதி மனிதர்கள் யானை, மீன், மனித உருவங்களை வெட்டியிருக்கிறார்கள். காசேலியில் உள்ள யானை சுமார் 18 மீட்டர் நீளம். 2022-ல் இவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.